நடையிற் பிறக்கும் பாய்ச்சல்

வன்னிப் பெருநிலத்துப் பிள்ளைகள் குதிரையை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் கோயில் வீதியிலேதான். வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனம், முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி உயர்த்தி, பின்னங்கால்களிலே முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கும். அவ்வடிவத்தைச் செதுக்கிய ஆசாரியார் குதிரையின் இயக்கத்திலே ஒரு கணத்தை மட்டும் தெரிந்தெடுத்திருக்கிறார். அது தரையை விட்டு எழும் கணம். உயிருள்ள குதிரை ஒன்று தடையைத் தாண்டும்போதும் இதே கணம் தோன்றுகிறது. ஆயின், அதற்கு முன்னர் அக்குதிரை எவ்வாறு வந்தது, நடந்து வந்ததா, துள்ளி வந்ததா, பாய்ந்து வந்ததா என்பதை மரம் சொல்லமாட்டாது. இளங்குதிரையைத் தாண்டப் பழக்கும் கலையின் நுட்பமோ அந்த வினாவிலேயே அடங்கியிருக்கிறது. தாண்டல் தடையருகே தொடங்குவதன்று. அது நடையிலே பிறப்பது.

வன்னி குதிரைக்குப் பேர்போன நாடன்று. யானைக்குப் பேர்போன நாடு. வன்னியர்கள் யாழ்ப்பாண அரசுக்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தவற்றுள் யானையே தலையாயது. குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையேயுள்ள களப்புப் பகுதி ஆனையிறவு எனப் பெயர் பெற்றதும் யானையாலேயாம். ஆடவர் அடக்கவியலாத காட்டு யானையை அரியாத்தை என்னும் பெண் கட்டிக் கொணர்ந்த கதை முல்லைத்தீவுப் பகுதியிலே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. காட்டிலே கட்டாக்காலியாகத் திரியும் குளுவன் மாடுகளை வார்க்கயிறு எறிந்து பிடித்து வசக்கியவர்களும் இம்மக்களே. ஆகவே, ஒரு விலங்கைப் பிடிப்பது வேறு, அதனைப் பழக்குவது வேறு என்னும் உண்மை வன்னிக்குப் புதிதன்று. குதிரையைப் பற்றிய பேச்சு இங்கே செவிசாய்க்கப்படுவதற்கு அந்த அறிவே போதிய காரணமாகும்.

வன்னிக்கு மிக அண்மையில் குதிரைகள் கூட்டமாக வாழும் இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அத்தீவிலே குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஒல்லாந்தர் காலத்து லாயங்களின் கற்றூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. ஆட்சியாளர் போயினர், குதிரைகள் தங்கின. உரிமையாளர் அற்று, கடிவாளம் அறியாது, வெட்டவெளியிலே புல்மேய்ந்து திரியும் அவற்றின் வழித்தோன்றல்களைக் காக்கும் பொருட்டு அத்தீவின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக்கப்பட்டது. வன்னிக் கரையிலுள்ள சுண்டிக்குளம் தேசிய பூங்காவானதும் அதே ஆண்டிலேதான்.

தமிழ் மொழி குதிரையை நன்கறிந்த மொழி. குதிரை பழக்கும் வெளிக்கு வையாளி வீதி என்றும் செண்டுவெளி என்றும் பெயர் உண்டு. பழக்குபவனுக்கு வாரியன் என்று பெயர். நேரே ஓடும் ஓட்டத்துக்கு ஆதி என்றும், வட்டமாக ஓடும் ஓட்டத்துக்கு மாதி என்றும் சொற்கள் உள்ளன. குதிரையின் கதி ஐவகைப்படும் என்று வகுத்து, மயூரகதி, வானரகதி முதலாகப் பெயரிட்டனர் பழந்தமிழர். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952 ஆம் ஆண்டிலே வண்ணப் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் திருப்பெருந்துறையிலே மாணிக்கவாசகரான வரலாற்றையும், நரிகள் பரிகளான திருவிளையாடலையும் அறியாத தமிழர் இலர்.

இவ்வளவு சொல்வளம் இருந்தும், நடைமுறையில் ஒரு குறை நேர்ந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் ஒருவர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார் என்றும், ஆண்டு முடிவிலே அவற்றுள் 100 கூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரை பேணத் தெரிந்தவர் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. அவர் கூறிய தொகை மிகையாக இருக்கலாம். ஆயினும், அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்துகொண்டேயிருந்தது என்பது வரலாறு. பொன் கொடுத்து விலங்கை வாங்கலாம். அதனை வாழவைக்கும் அறிவைப் பொன் கொடுத்து வாங்க முடியாது. பழக்கும் அறிவும் அத்தகையதே.

இனி, குதிரையின் நடை வகைகளை நோக்குவோர் அவற்றைக் கண்ணாற் காண்பதிலும் செவியாற் கேட்பது எளிது. வானொலிக்கு இது மிகவும் ஏற்ற பாடம். குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்திற் படும். டக், டக், டக், டக் என நான்கு ஒலிகள் சம இடைவெளியிற் கேட்கும். இது நடை. அடுத்தது துள்ளுநடை. இதிலே முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின்னங்காலும் ஒருங்கே நிலத்திற் படும். பின்னர் மற்றச் சோடி படும். ஆதலால் இரண்டு ஒலிகளே கேட்கும். தாளக்கட்டையால் ஒன்று, இரண்டு என்று தட்டுவது போலிருக்கும். மூன்றாவது மென்பாய்ச்சல். இதிலே மூன்று ஒலிகளும், அவற்றின்பின் நான்கு கால்களும் நிலத்தை விட்டிருக்கும் ஒரு கணநேர மௌனமும் உண்டு. டகடக், டகடக் என்று கேட்பது இதுவே. நான்காவது நாலுகாற் பாய்ச்சல். மூன்றொலி மீண்டும் நான்கொலியாகப் பிரிந்து, பறைமுழக்கம் போல் விரையும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றர் செல்லும் குதிரை, துள்ளுநடையில் 220 மீற்றர் அளவும், மென்பாய்ச்சலில் 350 மீற்றர் அளவும் செல்லும். நாலுகாற் பாய்ச்சலில் அதனினும் மிக விரையும்.

இந்நான்கையும் பிரித்தறிவது வெறும் பெயரறிவுக்காகவன்று. ஒவ்வொரு நடையிலும் குதிரையின் பாரம் வெவ்வேறிடத்திலே நிற்கிறது. பின்னங்கால்கள் வெவ்வேறு வகையிலே உந்துகின்றன. ஆதலால் ஒரே தடையை நான்கு நடைகளிலும் தாண்டும் குதிரை நான்கு வேறு வேலைகளைச் செய்கிறது. முதலாவதைச் செய்யக் கற்ற குதிரை நான்காவதையும் தானே செய்துவிடும் என்று எண்ணுபவரே பெரும்பாலும் விழுகிறார். அவர் விழுவதோடு குதிரையையும் வீழ்த்துகிறார்.

தாண்டல் ஒன்றாகத் தோன்றினும் அது ஐந்து பகுதிகளை உடையது. அணுகுதல், எழுதல், வானிற் செல்லுதல், இறங்குதல், இறங்கியபின் தொடர்ந்து செல்லுதல் என்பன அவை. காண்போரின் கண் மூன்றாவதிலேயே நிலைக்கும். பழக்குபவரின் கண் முதலாவதிலும் ஐந்தாவதிலும் நிற்கவேண்டும். அணுகுதல் செம்மையாயின் எழுதல் தானே செம்மையாகும். இறங்கும்போது ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உடலின் பாரம் முழுவதும் முதலில் ஒரே ஒரு முன்னங்காலின்மீது இறங்குகிறது. மனிதரின் மணிக்கட்டிலும் சற்றே பருத்த அக்கால் அப்பாரத்தைத் தாங்க வேண்டுமாயின், குதிரை நிதானத்தோடு இறங்க வேண்டும். நிதானத்தோடு இறங்க வேண்டுமாயின், நிதானத்தோடு வந்திருக்க வேண்டும்.

குதிரையின் பார்வையும் இங்கே அறியத்தக்கது. அதன் கண்கள் தலையின் பக்கங்களில் அமைந்திருத்தலால் பின்புறம் வருவதையும் ஏறத்தாழக் கண்டுகொள்ளும். ஆனால், நெற்றிக்கு நேர் முன்னே மிக அண்மையிலுள்ள பொருள் அதற்குத் தெரியாது. தடையருகே வந்து எழும் அந்தக் கடைசிக் கணத்திலே குதிரை தான் தாண்டும் தடையைக் காண்பதில்லை. சில அடிகளுக்கு முன்னர் கண்டதை நினைவிற்கொண்டே அது எழுகிறது. நிறங்களுள் நீலத்தையும் மஞ்சளையும் அது பிரித்தறியும். செம்மஞ்சளும் பச்சையும் அதற்கு ஒன்றுபோலத் தோன்றும். பிரித்தானியக் குதிரைப் பந்தய வெளிகளிலே நெடுங்காலமாகச் செம்மஞ்சள் நிறம் தீட்டப்பட்டிருந்த தடைகளுக்கு, எக்செற்றர் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சியை அடுத்து வெண்ணிறம் தீட்டப்பட்டமைக்கு இதுவே காரணம். அந்தச் செம்மஞ்சள் மனிதரின் கண்ணுக்குப் பளிச்சென்றிருந்தது. தாண்டவேண்டிய விலங்கின் கண்ணுக்கு அது புல்லோடு புல்லாயிருந்தது. கற்பிப்பவர் கற்பவரின் கண்ணாற் பார்க்கத் தவறுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

காணாததைத் தாண்டுவதற்கு ஒரு துணை வேண்டும். அத்துணை நம்பிக்கையே. தடை இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் அப்பால் நிலமும் இருக்கும், மேலேயிருப்பவர் வாயைப் பிடித்திழுத்து நோவுண்டாக்க மாட்டார் என்னும் மூன்று நம்பிக்கைகளும் சேர்ந்தாலன்றி இளங்குதிரை எழாது. பழக்குதல் என்பது இம்மூன்றையும் வளர்க்கும் தொழிலேயன்றி வேறன்று.

முதற் கேள்வி வயது. குதிரை மூன்று வயதிலே வளர்ந்ததுபோலத் தோன்றும். ஆயின் எலும்புகள் முற்றும் உறுதிபெறவில்லை. முதுகெலும்பின் வளர்ச்சி ஏறத்தாழ ஐந்தரை வயதளவிலேயே முடிவடைகிறது. ஆதலால், மூன்று வயதுக் குதிரையை ஆளில்லாமற் சிறு தடைகளைத் தாண்டவிட்டுப் பார்ப்பதும், நான்கு வயதின்பின் ஆளோடு சிறிது சிறிதாகத் தாண்டப் பழக்குவதும் அறிந்தோர் முறை. கிழமைக்கு ஒன்றிரண்டு நாள், ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் என்பதே அளவு. ஒலிம்பிக் தாண்டற் போட்டியிலே ஒன்பது வயது நிரம்பாத குதிரைக்கு இடமில்லை என்று சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் விதித்திருக்கிறது. ஐந்து ஆண்டுப் பயிற்சியை அவ்விதி மறைமுகமாக வேண்டிநிற்கிறது எனலாம்.

முதற் பாடம் நடையிலே நடைபெறும். தடை என்று சொல்லத்தக்க எதுவும் அப்போது இராது. நிலத்திலே ஒரு மரத்தடி கிடக்கும். குதிரையைக் கயிற்றிலே பிடித்து, மனிதர் முன்னே கடந்து, குதிரையைப் பின்னே கடக்கச் செய்வர். பின்னர் ஏறியிருந்து கடக்கச் செய்வர். ஒரு தடி மூன்றாகும், நான்காகும். தடிக்குத் தடி இடைவெளி இரண்டே முக்கால் அடி அளவாயிருக்கும். அதுவே நடந்துசெல்லும் குதிரையின் ஓரடி. வயல் வரம்பைக் கடப்பது போலக் குதிரை தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு காலையும் தானே எண்ணி எடுத்துவைக்கும். அதன்பின் முழங்கால் அளவினும் தாழ்ந்த தடையொன்றை நடையிலிருந்தே தாண்டச் செய்வர். நடையிலே வேகத்தின் உதவி இல்லை. ஆகவே குதிரை தன் பின்னங்கால்களை உடம்பின்கீழே கொண்டுவந்து, அவற்றின் வலிமையாலேயே எழவேண்டும். பார்க்கவும் எண்ணவும் அதற்கு நேரம் இருக்கும். இப்பாடத்தைக் கற்ற குதிரை, தன்னை உயர்த்துவது ஓட்டம் அன்று, தன் உடலே என்பதை அறிந்துகொள்ளும்.

கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4 ஆம் நூற்றாண்டிலே குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில் இதே ஒழுங்கைக் கூறுகிறார். தாண்ட அறியாத குதிரைக்கு முன்னே மனிதர் தாம் அகழியைத் தாண்டிச் சென்று, கயிற்றைத் தளரவிட்டு, அதனை வருவித்தல் வேண்டும் என்றும், சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லல் வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் சென்றும் அவ்வொழுங்கு மாறவில்லை.

இரண்டாம் பாடம் துள்ளுநடை. இளங்குதிரையின் பயிற்சியிலே மிக நீண்ட காலத்தைக் கொள்வது இதுவே, கொள்ளவேண்டியதும் இதுவே. தடிகளின் இடைவெளி இப்போது நாலேகால் அடி அளவாக விரியும். துள்ளுநடை இருபுறமும் சமமாக அமைந்த நடை. அதன் தாளம் மாறுவதில்லை. தடையருகே ஓரடி முன்னேயோ பின்னேயோ வந்துவிட்டாலும் குதிரை எளிதிலே தன்னைத் திருத்திக்கொள்ளும். எனவே, தவறு நேர்ந்தாலும் அது தண்டனையாக முடிவதில்லை. இரண்டு தடிகளைப் பெருக்கற்குறி போலச் சாய்த்துவைத்து, நடுவே ஒன்றரை அடி உயரம் இருக்குமாறு தடையமைப்பர். அவ்வமைப்பு குதிரையின் கண்ணைத் தாழ்ந்த நடுவிடத்துக்கு இழுத்துச்செல்லும். தடைக்கு எட்டு அல்லது ஒன்பது அடி முன்னே நிலத்தில் ஒரு தடியைக் கிடத்திவிட்டால், எழவேண்டிய இடத்தை அத்தடியே காட்டிக்கொடுக்கும். ஏறியிருப்பவர் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. நல்லாசிரியர் விடையைச் சொல்லாது, விடை தோன்றும்படி வினாவை அமைப்பதற்கு இது ஒப்பாகும்.

தடைக்கு இப்பாலும் அப்பாலும் துள்ளுநடையின் தாளம் ஒன்றாயிருக்கிறதா என்பதே இப்பாடத்தின் சோதனை. தடையைக் கண்டதும் குதிரை விரைகிறதாயின், மக்கள் அதனைத் துணிவு என்று மெச்சுவர். பெரும்பாலும் அது துணிவன்று, அச்சம். நோவு தரும் ஒன்றை விரைவிலே முடித்துவிட்டுத் தப்பியோட அது நினைக்கிறது. அத்தகைய குதிரையை மேலும் விரட்டுவதோ, வாயைப் பிடித்து இழுப்பதோ மருந்தாகாது. மீண்டும் நடைக்கும் நிலத்திற் கிடக்கும் தடிக்கும் இறங்கிவருதலே மருந்து. பின்வாங்குதல் தோல்வியன்று, தளர்ந்த அடித்தளத்தைத் திருத்துதல்.

மூன்றாம் பாடம் மென்பாய்ச்சல். உண்மையிலே மென்பாய்ச்சலின் ஒவ்வோர் அடியும் ஒரு சிறு தாண்டலே. அதன் நடுவே நான்கு கால்களும் நிலத்தை விட்டிருக்கும் கணம் ஒன்று இருப்பது முன்னரே கூறப்பட்டது. தடை அக்கணத்தைச் சற்று உயர்த்திக் காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் ஓரடி ஏறத்தாழ 12 அடி நீளமாயிருத்தலால், எழவேண்டிய இடம் தவறினால் தவறு பெரிதாகிவிடும். இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு தடையைத் தாண்டிய குதிரை தடைக்கு ஆறடி அப்பால் இறங்குகிறது. 12 அடி கொண்ட ஒரு பாய்ச்சல் வைக்கிறது. அடுத்த தடைக்கு ஆறடி முன்னே எழுகிறது. ஆகவே இரு தடைகளுக்கிடையே 24 அடி வேண்டும். முதலாவது தடைக்குத் துள்ளுநடையில் வந்தால் வேகம் குறைவாதலால் 18 அடியே போதும். ஒரே இரு தடைகளை, இன்று துள்ளுநடையில் வந்து 18 அடியிலும், வேறொரு நாள் மென்பாய்ச்சலில் வந்து 24 அடியிலும் தாண்டிய குதிரை, தன் அடியை நீட்டவும் குறுக்கவும் அறிந்த குதிரையாகும். உயரம் கூட்டப்படாமலே அதன் அறிவு கூட்டப்படுகிறது.

நான்காவதான நாலுகாற் பாய்ச்சலை இளங்குதிரைக்குப் பாடமாக வைப்பதில்லை. அது முதல் மூன்றும் முற்றியபின் வருவது. தடை தாண்டும் போட்டிகளிலே வேகம் நிமிடத்துக்கு 350 முதல் 400 மீற்றர் வரையே. வெட்டவெளியிலே மரக்குற்றிகளையும் நீரோடைகளையும் தாண்டும் போட்டியிலே, உயர்ந்த நிலையில், வேகம் நிமிடத்துக்கு 570 மீற்றர். அங்கே பாய்ச்சல் நீண்டு தட்டையாகும். அசையாத மரத்திலே முன்னங்கால் முட்டினால் குதிரை தலைகுப்புறப் புரளும். ஏறியிருந்தவர் அதன்கீழ் அகப்படுவார். 1999 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் மட்டும் இவ்வகைப் போட்டிகளிலே ஐவர் உயிரிழந்தனர். அதன்பின், பாரம் மோதினால் முறிந்து தடியை விழவிடும் ஊசிகள் தடைகளிலே பொருத்தப்படலாயின. தடையை இளகச்செய்தது நல்லதே. அதனினும் நல்லது, வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறைக்கும் குதிரையும், குறைக்கவேண்டிய இடத்தை அறிந்த மனிதரும்.

இத்துறையிலே தென்னாசியரும் உலக அரங்கில் நிற்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த புவாத் மிர்சா 2018 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23 ஆம் இடத்தை அடைந்தார். இலங்கையிலே பிறந்து சுவீடன் நாட்டுப் பெற்றோரால் வளர்க்கப்பட்ட மட்டில்டா கார்ல்சன், அதே டோக்கியோவில் தடை தாண்டும் போட்டியிலே இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டார். ஒலிம்பிக் குதிரையேற்றத்திலே இலங்கைக் கொடியின்கீழ் இறங்கிய முதல்வர் அவரே.

மேலே இருப்பவரின் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை, குதிரை தடையைத் தாண்டும்போது ஏறியிருப்பவர் பின்னே சாய்ந்து கடிவாளத்தை இறுகப் பிடிப்பதே முறையாயிருந்தது. குதிரை முன்னே நீள முயலும்போது அதன் வாய் பின்னே இழுபட்டது. முதுகிலே பாரம் விழுந்தது. இத்தாலியக் குதிரைப்படையைச் சேர்ந்த பெடெரிக்கோ கப்ரில்லி என்பவர், குதிரை ஆளில்லாமல் எவ்வாறு தாண்டுகிறது என்பதை உற்றுநோக்கி, மனிதரே குதிரையின் இயக்கத்துக்கு இணங்கி முன்சாய்ந்து, கையை நெகிழ்த்து, முதுகைப் பாரமின்றி விடல்வேண்டும் என்று காட்டினார். அவர் 1907 ஆம் ஆண்டிலே குதிரையிலிருந்து விழுந்து 39 வயதில் இறந்தார். ஆயினும் உலகெங்கும் குதிரை தாண்டுவோர் இன்று அவர் காட்டிய இருக்கையிலேயே இருக்கிறார்கள். விலங்கைத் தம் வழிக்குக் கொண்டுவருமுன் விலங்கின் வழியை மனிதர் கற்றதே அம்மாற்றத்தின் சாரம்.

தடையருகே வந்து குதிரை நின்றுவிட்டால் என் செய்வது? இங்கேதான் தமிழ் உலகெங்கும் வழங்கும் ஒரு பழமொழி நினைவுக்கு வரும். அடியாத மாடு படியாது என்பது அது. மாட்டுக்குச் சொல்லப்பட்ட அப்பழமொழி பின்னர் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லப்பட்டது. அதன் உண்மையைச் சோதிக்க டோக்கியோவிலேயே ஒரு காட்சி கிடைத்தது.

ஐந்து விளையாட்டுகளைக் கொண்ட நவீன ஐந்திறப் போட்டியிலே குதிரையேற்றமும் ஒன்றாயிருந்தது. 1912 முதல் அது ஒலிம்பிக்கில் நடைபெற்று வந்தது. அதன் விதிப்படி, வீரருக்குச் சொந்தக் குதிரை இல்லை. குலுக்கலிலே கிடைக்கும் முன்பின் அறியாத குதிரையோடு 20 நிமிடம் பழகிவிட்டுத் தடைகளைத் தாண்டவேண்டும். 2021 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, ஜேர்மனி நாட்டு அன்னிக்கா சுலொய் பொற்பதக்கத்துக்கு முன்னணியில் நின்றார். அவருக்குக் கிடைத்த செயின்ற் போய் என்னும் குதிரை, அதற்குச் சற்று முன்னரே வேறொரு வீராங்கனையோடு தடைகளைத் தாண்ட மறுத்திருந்தது. அச்சமடைந்திருந்த குதிரையின்மேல் அச்சமடைந்த மனிதர் ஏறினார். குதிரை அசைய மறுத்தது. சவுக்கும் குதிமுள்ளும் பயன்பட்டன. அவருடைய பயிற்றுநர் வேலிக்கு வெளியே நின்று, நன்றாக அடி என்று கூவியதையும், தாமே குதிரையைக் கைமுட்டியாற் குத்தியதையும் உலகம் முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டது. குதிரை பணியவில்லை. பதக்கம் போயிற்று. பயிற்றுநர் அவ்வொலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டார். முடிவிலே, 2024 பாரிஸ் போட்டிக்குப்பின் குதிரையேற்றமே அவ்விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு மரபு சில நிமிடங்களிலே முடிவுக்கு வந்தது.

அந்த வீராங்கனையை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஆண்டுக்கணக்கிலே வளரவேண்டிய நம்பிக்கையை 20 நிமிடத்தில் எதிர்பார்த்த ஏற்பாடே முதற் குற்றவாளி. அடி ஒரு விலங்கை அசைக்கக்கூடும். ஆனால் எழச் செய்யாது. அடிக்குப் பயந்து தடையைத் தாண்டும் குதிரை, தடைக்கும் பயந்துகொண்டே தாண்டுகிறது. இரண்டு அச்சங்களுக்கிடையே அகப்பட்ட உடல் இறுகிவிடும். இறுகிய உடல் தடியிலே முட்டும். வலுக்கட்டாயத்தாற் செய்விக்கப்படுவதில் அறிவும் இல்லை, அழகும் இல்லை என்று செனபோன் அன்றே தெளிந்திருந்தார்.

வன்னி விவசாயி இதை அறியாதவர் அல்லர். இளம் நாம்பனை முதல்நாளே பாரவண்டிலிற் பூட்டுபவர் எவரும் இலர். முதலிலே கழுத்துக் கயிற்றுக்குப் பழக்குவர். பின்னர், பழகிய கிழட்டு எருதின் பக்கத்திலே நுகத்தில் வைப்பர். வெறும் வண்டிலை இழுத்தபின்னரே பாரம் ஏறும். நடந்து பழகியபின்னரே ஓட்டம் வரும். மூத்த எருதின் நிதானம் நாம்பனுக்குத் தொற்றும் என்பது அவர்களின் அனுபவ ஞானம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சவாரித் திடல்களிலே ஓடும் காளைகளுள், நிதானமாகப் பழக்கப்பட்ட சோடி எது, கேட்டிக்கும் முள்ளுக்கும் பயந்து ஓடும் சோடி எது என்பதை அனுபவமுள்ளவர்கள் முதல் நூறு யாருக்குள் கண்டுகொள்வர். முன்னது இரண்டும் ஒரே தாளத்தில் ஓடும். பின்னது நுகத்தை ஒருபுறம் இழுத்து, வண்டிலைச் சரிக்கும். விலங்குகளைக் கொடுமைசெய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையிலே 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கமாக இயற்றப்பட்டது. அச்சட்டத்தைச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை எழாத சவாரியே சிறந்த சவாரி.

பழமொழிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. அனுபவத்தின் சாறாய் அமைந்தவை சில. அவசரத்தின் சாட்டாய் அமைந்தவை சில. படியாத மாட்டைப் பழக்குவதற்குப் பொறுமை இல்லாதவர் அடிக்கிறார். அடித்தபின் அதற்கொரு பழமொழியைத் துணைக்கழைக்கிறார். எழுத்தறியாத பிள்ளைக்கு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, வாசிக்கவில்லை என்று தண்டிப்பதும், மென்பாய்ச்சல் அறியாத குதிரையை நாலுகாற் பாய்ச்சலிலே தடைக்குமுன் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தாண்டவில்லை என்று சவுக்கெடுப்பதும் ஒன்றே. இரண்டிடத்தும் தவறியது கற்பவர் அல்லர், பாடத்தின் ஒழுங்கு.

உலகிலே ஆளோடு குதிரை தாண்டிய மிகப் பெரிய உயரம் 2.47 மீற்றர். சிலி நாட்டு விஞா டெல் மார் நகரிலே 1949 பெப்ரவரி 5 ஆம் திகதி, கப்டன் அல்பேர்ட்டோ லராகீபெல் என்பவரோடு ஊவாசோ என்னும் குதிரை அதனைத் தாண்டியது. அந்நிலையை இன்றுவரை வேறொரு குதிரை கடக்கவில்லை. ஊவாசோ அப்போது இளங்குதிரையன்று; அதற்கு வயது 16. பந்தயக் குதிரையாகத் தொடங்கி அதிலே சிறக்காது போனது அது. ஓட்டத்தால் மட்டும் மதிக்கப்பட்டிருந்தால் அதன் பெயரை உலகம் அறிந்திராது. பொறுமையாகப் பழக்குவார் கையிலே சேர்ந்தமையாற்றான் அதன் உள்ளே இருந்த உயரம் வெளிப்பட்டது.

வயல் வரம்பை நடந்து கடக்கும் உயரத்திலிருந்து அந்த எட்டடி உயரம் வரையும் வழி ஒன்றுதான். நடை, துள்ளுநடை, மென்பாய்ச்சல் என்னும் படிகளிலே ஒன்றும் விடப்படாத வழி அது. அவ்வழியில் வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை பழக்குபவருடையது. எழும் கணத்தைத் தீர்மானிக்கும் உரிமை குதிரையுடையது. முன்னதைக் கைவிடுபவர் குதிரையை இழப்பார். பின்னதைப் பறிப்பவர் அதன் மனத்தை இழப்பார். இரண்டையும் அறிந்து காப்பவரே வாரியன் என்னும் பழந்தமிழ்ப் பெயருக்கு உரியவர்.